5 டிகிரியில் ஒரு சூப்

கார்னிவல் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல்களில் கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு வருகிறவர்களில் பலர் கடற்கரைகளைவிட ஒரு சூப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். இரவு உணவின் தொடக்கத்தில், சாலட்டுக்கும் இறாலுக்கும் பக்கத்தில், சின்னக் கிண்ணத்தில் வருகிற குளிர்ந்த ஸ்ட்ராபெர்ரி பிஸ்க் அது. இளஞ்சிவப்பு நிறம், பாலேட்டின் வழவழப்பு, மேலே ஒரு புதினா இலை. சாப்பாட்டுக்கு முன்னால் இனிப்பா என்று முகம் சுளித்தவர்கள்கூட இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிவிட்டு, பின்னால் வருகிற மீனை ஓரங்கட்டுவதுண்டு.

ஊர் திரும்பியதும் அதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை வருகிறது. செய்முறை கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. பழம், சர்க்கரை, கிரீம், கொஞ்சம் புளித்த கிரீம் அல்லது தயிர், ஒரு சொட்டு வெனிலா. மிக்ஸியில் போட்டு அடித்தால் பத்து நிமிட வேலை. ஆனால் மேஜைக்கு வரும்போது அது ஒன்று ஸ்ட்ராபெர்ரி லஸ்ஸியாக இருக்கிறது, அல்லது புளிக்கிறது, அல்லது கிரீம் திரிந்து பொடிப்பொடியாக மிதக்கிறது. உடனே பொருள் பட்டியலைத் திருத்தத் தொடங்குகிறார்கள்: இன்னும் கொஞ்சம் சர்க்கரை, வேறு கம்பெனி கிரீம், ஒரு கரண்டி ஐஸ்கிரீம். பட்டியலைத் திருத்திக்கொண்டே போவதில் பயனில்லை என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலையை.

பழத்தை சூப்பாக்கிக் குடிப்பது கப்பல்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. ஹங்கேரியில் கோடை வந்துவிட்டால் புளிப்புச் செர்ரியைச் சர்க்கரையோடு வேகவைத்து, புளித்த பாலேடு கலந்து, நன்றாகக் குளிரவைத்து, சாப்பாட்டின் முதல் கட்டமாகவே குடிக்கிறார்கள். ஸ்வீடனில் நடக்கும் 90 கிலோமீட்டர் வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியில் வழிநெடுக வீரர்களுக்குப் புளூபெர்ரி சூப் கொடுப்பார்கள், அது சூடானது. உல்லாசக் கப்பல்கள் எடுத்துக்கொண்டது குளிர்ந்த வகையை. அதற்கு ருசி மட்டும் காரணமாக இருக்காது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காரும் இடத்தில், காலையிலேயே செய்து குளிர் அறையில் வைத்துவிடக்கூடிய, பரிமாறும் நேரத்தில் அடுப்பையே கேட்காத ஒரு பதார்த்தம் சமையல்காரருக்கு வரப்பிரசாதம்.

இனி நாக்குக்கு வருவோம். இனிப்பை உணரும் சுவை செல்களில் டிஆர்பிஎம்5 என்ற புரதம் இருக்கிறது. அது ஒரு வாயில். சர்க்கரை மூலக்கூறு செல்லின் வெளிப்புறத்து ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே ஒரு தொடர்வினை நடக்கிறது. அதன் முடிவில் இந்த வாயில் திறந்து அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. மூளைக்கு 'இனிப்பு' என்ற செய்தி கிளம்புகிறது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், 15 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏற இந்த வாயிலின் வேகம் பெரிதும் கூடுவதைக் காட்டினார்கள். இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளிடம், சூட்டால் இனிப்பு கூடும் அந்த விளைவு தென்படவில்லை. உருகிப்போன ஐஸ்கிரீம் ஏன் திகட்டுகிறது என்பதற்கும் இதுதான் விடை. சர்க்கரை அதே அளவுதான். குளிரில் அரைத் தூக்கத்தில் இருந்த வாயில் இப்போது முழுதாக விழித்துக்கொண்டது.

யேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பியர்ஸ் ஆய்வகத்தில் ஆல்பர்ட்டோ குரூஸும் பாரி கிரீனும் 2000-இல் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். நாக்கின் நுனியில் எந்தச் சுவைப் பொருளும் வைக்காமல், குளிர்ந்த உலோக முனையை வைத்து மெல்லச் சூடாக்கினால் சிலருக்கு இனிப்பு தெரிகிறது. குளிரவைத்தால் புளிப்போ உப்போ தெரிகிறது. ஆக, குளிர் இனிப்பைக் குறைப்பதோடு நிற்பதில்லை. சிலருடைய நாக்கில் அதுவே புளிப்பாகவும் தோன்றுகிறது.

இதை சூப்புக்குப் பொருத்திப் பாருங்கள். நம் சமையலறையில் மிக்ஸியை நிறுத்தி விரலால் தொட்டு ருசி பார்க்கும்போது அந்தக் கலவை 30 டிகிரியில் இருக்கிறது. இனிப்பும் புளிப்பும் கச்சிதமாகச் சேர்ந்திருப்பதாகத் தோன்றும். அதையே ஃப்ரிட்ஜில் வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இனிப்பு பின்வாங்கிவிடும். சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு அந்த அளவுக்குப் பின்வாங்காது. விருந்தாளிக்குக் கிடைப்பது புளிக்கிற சூப். ஆகவே மிக்ஸிச் சூட்டில் சரியாக இருக்கும் கலவை தவறான கலவை. அந்தச் சூட்டில் கொஞ்சம் திகட்ட வேண்டும். இன்னும் நல்ல வழி, ஒரு கரண்டி கலவையை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீசரில் சில நிமிடங்கள் வைத்து, பரிமாறும் குளிருக்கு வந்த பிறகு ருசி பார்ப்பது. கப்பல் சமையல்காரர் நேற்றும் முந்தாநாளும் செய்ததையே இன்றும் செய்கிறார். அவருடைய அளவுகள் ஏற்கெனவே குளிரில் சரிபார்க்கப்பட்டவை. முதல் முறை செய்கிறவருக்குத்தான் இந்தக் கரண்டிச் சோதனை கட்டாயம்.

கப்பலில் நாக்கே வேறு மாதிரி ஆகிவிடுகிறது, அதனால்தான் அந்த ருசி வீட்டில் வருவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. விமானத்துக்கு அது பொருந்தும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் நடந்த சோதனையில், விமானத்தின் உட்புறத்தைப் போல 85 டெசிபல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இனிப்பு மங்கி, தக்காளியிலும் இறைச்சிச் சாற்றிலும் உள்ள உமாமி சுவை தூக்கலாகத் தெரிந்தது. அதோடு விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு, ஈரப்பதமும் குறைவு. கடல்மட்டத்தில் மிதக்கிற கப்பலின் உணவுக்கூடத்தில் இவை எதுவும் கிடையாது. சற்று சத்தமான கல்யாணப் பந்தி, அவ்வளவுதான். விடுமுறையின் உற்சாகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் புளித்துப்போன சூப்புக்கு அதைக் காரணமாக்க வேண்டியதில்லை.

நாக்கைவிடப் பெரிய பங்கு மூக்குக்கு. ஸ்ட்ராபெர்ரி நாம் நினைக்கும் அளவுக்கு இனிப்பான பழமே அல்ல. 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 91 கிராம் தண்ணீர், சர்க்கரை 5 கிராம்தான். வாழைப்பழத்தின் இனிப்பில் பாதிகூட இல்லை. அப்படியும் அது இனிக்கிறதென்றால் வாசனையின் வேலை. ஸ்ட்ராபெர்ரியில் 300-க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்களை வேதியியலாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அவற்றில் வாசனையைத் தீர்மானிப்பவை சில டஜன்தான். காய்ச்சிய சர்க்கரைப் பாகின் மணம் தரும் ஃபியூரனியால், பழ மணம் தரும் எத்தில் பியூட்டனோயேட், மெத்தில் பியூட்டனோயேட் போன்ற எஸ்டர்கள், பீச் பழத்தை நினைவூட்டும் லாக்டோன், நறுக்கிய புல்லின் பச்சை வாசம் தரும் ஹெக்சினால். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தினர் பல வகை ஸ்ட்ராபெர்ரிகளை மக்களுக்குக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லி, அதே பழங்களை வேதிப் பகுப்பாய்வும் செய்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில வாசனைச் சேர்மங்கள், பழத்தில் உள்ள சர்க்கரையின் அளவைச் சாராமல், தாமாகவே இனிப்புணர்வைக் கூட்டின. மென்று விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற அந்த ஆவியை மூளை நாக்கின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இந்த வகை ஏமாற்று பிறவிக் குணம் அல்ல, பழக்கம். ஆஸ்திரேலிய உளவியலாளர் ரிச்சர்ட் ஸ்டீவன்சனும் அவருடைய சகாக்களும், தன்னார்வலர்களுக்குப் பழக்கமில்லாத லிச்சி போன்ற வாசனைகளைச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துப் பலமுறை கொடுத்தார்கள். பிறகு அந்த வாசனையே அவர்களுக்கு இனிப்பாக மணக்கத் தொடங்கியது. ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் வளர்ந்த ஓர் அமெரிக்கருக்கு வெனிலா இனிக்கிறது; சர்க்கரையைக் கூட்டாமல் சூப்பின் இனிப்பைத் தூக்க வெனிலா அங்கே உதவுவது அதனால்தான். பாயசத்தில் வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் ஏலக்காய் உட்கார்ந்திருக்கிறது. கப்பல் ருசிதான் வேண்டும் என்றால் வெனிலாவோடு நின்றுகொள்ளுங்கள். ஒரு சிட்டிகை ஏலப்பொடி போட்டால் சர்க்கரையைக் குறைக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் அது வேறு சூப் ஆகிவிடும்.

சிக்கல் என்னவென்றால் குளிர் வாசனையையும் கட்டிப்போடுகிறது. வெப்பம் குறைந்தால் ஆவியாவது குறையும். கிண்ணத்தின் மேல் குனிந்து முகர்ந்தால் ஒன்றும் கிடைக்காது. கிரீமிலுள்ள கொழுப்பு, கொழுப்பில் கரையும் மணங்களைத் தன்னுள் வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். ஆகவே இந்த சூப்பின் மணம் கிண்ணத்தில் இல்லை, வாய்க்குள்தான் பிறக்கிறது. ஒரு வாய் எடுத்து நாக்கின் மேல் ஓரிரு விநாடி வைத்திருந்தால் அது சூடேறி, இனிப்பு வாயிலும் திறந்து, கொழுப்பு உருகி, மணம் பின்வழியாக மேலேறுகிறது. மடக் மடக்கென்று டம்ளரில் குடிப்பவருக்கு இதெல்லாம் கிடைக்காது. சின்னக் கிண்ணத்தில், கரண்டியோடு கொடுப்பதற்கு இப்படி ஓர் உள்நியாயம் இருக்கிறது. மேலே வைக்கும் புதினா இலையும் வெறும் அலங்காரம் இல்லை. புதினா வகைகளில் உள்ள மெந்தால், நரம்பு முனைகளில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற வாயிலைத் திறந்துவிடும். சூப் வெதுவெதுப்பாகத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் குளிர்ச்சி இருப்பதாக மூளை நம்பும். இத்தகைய உணர்வு வாயில்களைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

பழத்தைப் பற்றிச் சொல்லாமல் பாலுக்குப் போக முடியாது. இன்று உலகம் முழுக்கச் சாப்பிடும் பெரிய ஸ்ட்ராபெர்ரியே கப்பல் ஏறி வந்த பழம்தான். அமேதே பிரான்சுவா ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளரை, ஸ்பானியர்களின் கோட்டை கொத்தளங்களை நோட்டம் பார்க்க, 14-ஆம் லூயி மன்னர் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினார். உளவு பார்த்ததோடு, சிலியில் விளைந்த பெரிய ஸ்ட்ராபெர்ரியையும் அவர் கவனித்தார். பல மாதக் கடல் பயணத்தில் குடிநீரே அளந்து கொடுக்கப்படும் நிலையில், செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றி, 1714-இல் ஐந்து செடிகளோடு பிரான்ஸ் வந்து சேர்ந்தார். செடிகள் தழைத்தன, ஆனால் காய்க்கவில்லை. கொண்டுவந்தவை எல்லாமே பெண் செடிகள். பிரித்தானி பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வர்ஜீனியா வகைக்கு அருகில் நட்டபோது மகரந்தம் கிடைத்தது. இரண்டும் கலந்து பிறந்த வாரிசுதான் நம் கையில் இருப்பது. இந்தக் கலப்பைச் சரியாக இனம்கண்டு 1766-இல் எழுதியவர் அந்துவான் நிக்கோலா துஷேன் என்ற இளைஞர்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மாம்பழம் போலன்றி, ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுப்பதில்லை. நிறம் சற்று அடர்த்தியாகலாம், சர்க்கரை ஏறாது. காம்பருகே வெள்ளையாக இருக்கும் பழத்தை நாலு நாள் வைத்திருந்தாலும் அது புளிப்புப் பழம்தான். இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் மலையிலிருந்து குளிர்காலத்தில் வருகிறது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஓரளவு உண்டு. மலைக்குப் போனவர்கள் பழுத்ததைப் பார்த்து வாங்கலாம். நகரத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் மேல் வரிசையை மட்டும் நம்ப வேண்டாம்.

நல்ல பழம் கிடைத்தாலும் அதை ஒருமுறை ஃப்ரீசரில் உறையவைத்து எடுப்பது இந்த சூப்புக்கு லாபம். சாப்பிடுவதற்கு அப்படிச் செய்தால் பழம் சொதசொதவென்று ஆகிவிடும். அரைப்பதற்கு அதுதான் வேண்டும். பழத்தின் செல்களுக்குள் தண்ணீர் பனிப்படிகமாக மாறும்போது விரிந்து செல் சுவர்களைக் கிழிக்கிறது. உருகும்போது நிறம், மணம், அமிலம், பெக்டின் எல்லாம் சாற்றோடு வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் சர்க்கரையைத் தூவி வைத்தால், சவ்வூடு பரவலால் மீதிச் சாறும் இறங்கும். பிறகு மிக்ஸியில் கொஞ்ச நேரம் ஓட்டினாலே போதும். அதிகம் ஓட்டினால் இரண்டு கெடுதல்: காற்று புகுந்து நுரைக்கும், உடைந்த விதைகளிலிருந்து துவர்ப்பு இறங்கும். ஒரு பழத்தின் மேல் சுமார் 200 விதைகள் ஒட்டியிருக்கின்றன. தாவரவியல் கணக்கில் அவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கனி. நாம் பழம் என்று சாப்பிடுவது பூவின் வீங்கிய அடித்தண்டு. கப்பல் சூப்பின் வழவழப்பு வேண்டுமானால் மெல்லிய வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து இந்த 200 கனிகளையும் வெளியேற்றத்தான் வேண்டும். கை வலிக்கும்.

கடையில் வாங்கும் உறைந்த பழப் பாக்கெட் என்றால் கதை வேறு. 2012 இலையுதிர் காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் சுமார் 11,000 பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். காரணம், சீனாவிலிருந்து வந்த ஒரு தொகுதி உறைந்த ஸ்ட்ராபெர்ரியில் இருந்த நோரோ வைரஸ். இந்த வைரஸை உறைகுளிர் கொல்வதில்லை, பத்திரப்படுத்தி வைக்கிறது. நோய் வர மிகச் சில துகள்கள் போதும். மூடிய இடத்தில் நெருக்கமாக வாழும் உல்லாசக் கப்பல் பயணிகளிடையே அடிக்கடி பரவிப் பெயர் கெடுத்துக்கொண்டதும் இதே வைரஸ்தான். பழுப்பதற்கு முன்போ பின்போ பல கைகள் தொடும், தோலுரிக்காமல் சாப்பிடும், மென்மையானதால் அழுத்தித் தேய்த்துக் கழுவ முடியாத பழம் ஸ்ட்ராபெர்ரி. உறைந்த பெர்ரிகளைச் சமைக்காமல் சாப்பிடாதீர்கள், குறைந்தது ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள் என்று ஐரோப்பாவில் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்வது இதனால்தான்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாட்டுப் பயணமாக வந்துபோகும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970-களிலிருந்து சோதித்து வருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் ஏறுவார்கள். 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். 85-க்கு மேல் எடுத்தால்தான் தேர்ச்சி. அந்தச் சோதனையில் குளிர்ந்த உணவுக்கு ஒரு கோடு உண்டு: 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே. சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. சமைத்ததைக் குளிரவைக்கும்போது 57-இலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் வந்துவிட வேண்டும். அதாவது கப்பலில் அந்த சூப் பல்லில் குளிர் ஏறும் அளவுக்கு வருவது சமையல்காரரின் ரசனையால் மட்டும் இல்லை, சட்டத்தாலும்தான். நாம் ஃப்ரிட்ஜ் கதவருகே வைத்து 12 டிகிரியில் பரிமாறிவிட்டு, கப்பல் ருசி வரவில்லையே என்று கவலைப்படுகிறோம்.

ஆனால் கொதிக்கவைத்தால் மணம்? எஸ்டர்கள் சிறிய மூலக்கூறுகள். ஆவியோடு முதலில் பறப்பவை அவைதான். கொதித்த ஸ்ட்ராபெர்ரி ஜாம் வாசனைக்குப் போய்விடும். பழுத்த பழத்தின் பச்சை மணமும் வேண்டும், வயிறும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் இரண்டு வகைப் பழத்தையும் கலப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல சமரசம். மூன்றில் ஒரு பங்கு உறைந்த பாக்கெட் பழத்தைச் சர்க்கரையோடு கொதிக்கவைத்து ஆழமான ஜாம் மணத்தை எடுத்துக்கொள்வது. மூன்றில் இரண்டு பங்கு நல்ல புதிய பழத்தை ஓடும் தண்ணீரில் கழுவிப் பச்சையாகச் சேர்ப்பது. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகளுக்கு என்றால் முழுவதையும் கொதிக்கவைத்துவிடுவேன். மணத்தைவிட அது முக்கியம்.

கொதிக்கவைக்கும் இடத்தில்தான் கப்பல் அளவுகளை வகுத்துப் பார்ப்பவர்கள் சறுக்குகிறார்கள். 100 லிட்டர் கொப்பரையை ஒரு லிட்டர் பாத்திரமாகச் சுருக்கினால், அதே வடிவத்தில், ஒவ்வொரு லிட்டருக்கும் காற்றில் திறந்திருக்கும் மேற்பரப்பு ஏறக்குறைய நாலரை மடங்கு ஆகிவிடும். அதனால் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் விகிதாசாரப்படி வேகமாக வற்றும், பாகு கெட்டிப்படும். அங்கே பத்து நிமிடம் என்றால் இங்கே இரண்டு மூன்று நிமிடமே போதும். இதே கணக்கு ஆறவைக்கும்போது நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. அவர்களுக்கு அதிவேகக் குளிரூட்டி தேவைப்படுகிறது. நமக்கு ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டி போதும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பாத்திரத்தை அந்தத் தண்ணீரில் இறக்கி, உள்ளே கிளறிக்கொண்டிருந்தால் ஃப்ரிட்ஜ் மணிக்கணக்கில் செய்வதை அது நிமிடக்கணக்கில் முடித்துவிடும்.

இப்போது கிரீம். பாலின் பிஎச் 6.7-க்கு அருகில், ஸ்ட்ராபெர்ரிக் கூழினுடையது 3-க்கும் 4-க்கும் இடையில். பாலிலுள்ள கேசீன் புரதத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் எதிர்மின்னேற்றத்தால்தான் தனித்தனியாக மிதக்கின்றன. அமிலம் ஏறி பிஎச் 4.6-க்கு வந்தால் அந்த மின்னேற்றம் பூஜ்யமாகிவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் திரியும். பன்னீர் செய்யும்போது இதைத்தான் எலுமிச்சை பிழிந்து வரவழைக்கிறோம். சூப்பில் இது நடக்காமல் தடுக்க மூன்று அரண்கள் உண்டு.

முதல் அரண் கொழுப்பு. கொழுப்பு மிகுந்த கிரீமில் புரதம் பாலைவிடக் குறைவு. திரிவதற்கே சரக்கு குறைவு. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் கனத்த கிரீமில் 36 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்பு. நம் கடைகளில் காகிதப் பெட்டியில் கிடைக்கும் சாதாரண ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான், ஆனால் நிலைப்படுத்திகள் சேர்த்திருப்பார்கள், அதனால் சமாளிக்கும். பணம் மிச்சம் பிடிக்கப் பாலை ஊற்றுகிறவர்களுக்குத்தான் திரிகிறது. இரண்டாவது அரண், ஏற்கெனவே புளித்த பால். தயிரிலும் புளித்த கிரீமிலும் கேசீன் முன்பே ஒருமுறை பக்குவமாக உறைந்து மென்மையான வலையாகிவிட்டது. பழத்தின் அமிலம் அதைப் புதிதாக ஒன்றும் செய்துவிடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கேசீன் துகள்கள் ஒட்டிக்கொள்வதற்கு மின்னேற்றம் போனால் மட்டும் போதாது. தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றையொன்று இழுக்க வேண்டும். அந்த இழுவை குளிரில் பலவீனமாகிவிடும். பாலை 5 டிகிரிக்குக் குளிரவைத்து பிஎச் 4.6 வரை அமிலம் சேர்த்தாலும் அது கட்டியாவதில்லை. மெல்லச் சூடாக்கினால்தான் உறையும். பால் ஆராய்ச்சிக்கூடங்களில் சீரான தயிர்க்கட்டி செய்ய இந்தத் தந்திரத்தையே பயன்படுத்துகிறார்கள். ஆக, பழக்கூழும் கிரீமும் தனித்தனியாக ஃப்ரிட்ஜ் குளிருக்கு வந்த பிறகே சந்திக்க வேண்டும். கொதித்த பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே கிரீமை ஊற்றுவது திரியவைப்பதற்கான நேர்வழி. பழத்தின் பெக்டினும் கொஞ்சம் கைகொடுக்கும். கடைகளில் விற்கும் புளிப்புப் பால் பானங்களில் கேசீன் அடியில் தங்காமல் இருக்க பெக்டின்தான் சேர்க்கிறார்கள்.

கிரீமை மிக்ஸியில் போட வேண்டாம். மிக்ஸியின் கத்தி கொழுப்பு உருண்டைகளின் சவ்வைக் கிழித்து, முதலில் நுரைத்த கிரீமாக்கி, பிறகு வெண்ணெயாகவே திரட்டிவிடும். கடைசியில் கையால் கலக்கினால் போதும். குளிரில் பால் கொழுப்பின் பாதியளவு கெட்டியாகிவிடுவதால், மேஜைக்கு வரும்போது சூப் தானாகவே கனமாகும். மாவுப் பசையோ சோளமாவோ போட்டுக் கெட்டிப்படுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாவு மணத்தை மூடும்.

நிறத்துக்குக் காரணம் பெலர்கோனிடின் என்ற ஆந்தோசயனின் நிறமி. வலுவான அமிலத்தில் அது சிவப்பு. பிஎச் 4, 5 என்று ஏற ஏற நிறமற்ற வடிவத்துக்கு மாறும். பால்பொருள் சேர்த்ததும் சிவப்பு மங்குவதற்குப் பாலின் வெண்மை ஒரு காரணம், பிஎச் ஏறுவது மறு காரணம். புளிப்பைக் கொல்ல ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூப் சாம்பல் பூத்துவிடும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு நிறத்தை மீட்கும். அதற்கு மேலும் சிவக்க வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் தொழிற்சாலைகளின் உபாயத்தைக் கடன் வாங்கலாம்: பீட்ரூட் சாறு அரைத் தேக்கரண்டி. அதன் நிறமி வேறு இனம், இந்த பிஎச் மாற்றங்களை அது பொருட்படுத்தாது. மண் வாசனை தெரியாத அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான்கைந்து பேருக்கு என்று வைத்துக்கொண்டால் 500 கிராம் பழம், 60 கிராம் சர்க்கரை, 200 கிராம் கிரீம், 100 கிராம் புளிக்காத கெட்டித் தயிர். உறைந்த பழத்தைச் சர்க்கரையோடு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, உறையவைத்து உருக்கிய புதிய பழத்தோடு சேர்த்து அரைத்து, வடிகட்டி, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வைக்க வேண்டும். கிரீமும் தயிரும் கிண்ணங்களும்கூட அங்கேயே இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் கையால் கலந்து, கால் தேக்கரண்டி வெனிலா, விரல் நுனியில் ஒட்டும் அளவு உப்பு சேர்த்து, கரண்டிச் சோதனை செய்து, தேவைப்பட்டால் பொடித்த சர்க்கரை கூட்டலாம். உப்பு எதற்கு என்றால், மிகக் குறைந்த அளவில் அது கசப்பை அடக்கி இனிப்பை முன்னால் விடும்.

சர்க்கரைக் கணக்கையும் சொல்லிவிடுவது நியாயம். பழத்திலேயே உள்ள 25 கிராம், சேர்த்த 60 கிராம். மொத்த எடை சுமார் 860 கிராம். பாலின் லாக்டோஸை விட்டுவிட்டாலும் ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது கோலா பானங்களின் இனிப்பு. குளிர் அதை நாக்கிலிருந்து மறைக்கிறது, ரத்தத்திலிருந்து மறைப்பதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சூப் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மிச்சமிருந்தால் ஃப்ரிட்ஜில் மூடிவைத்து மறுநாளுக்குள் முடித்துவிடலாம். அதற்குள் எஸ்டர்கள் ஓரளவு பறந்திருக்கும், நிறமும் சற்று இறங்கியிருக்கும். பழத்தில் ஏராளமாக உள்ள வைட்டமின் சி, காற்றோடு சேர்ந்தால் ஆந்தோசயனின் சிதைவை வேகப்படுத்தும் குணமுடையது. மேலே தெளிந்த நீர் பிரிந்திருந்தால் கரண்டியால் கலக்கிக்கொள்ளலாம். அப்படியும் தீராவிட்டால் குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். உறைந்த குளிரில் இனிப்பு வாயில் இன்னும் மந்தமாகும் என்பதால், அச்சில் ஊற்றும் முன் இன்னொரு கரண்டி சர்க்கரை தேவைப்படும்.